கூட்டத்தில் முடிவானதை மாணவர்களிடம் சொல்லுங்கள்: தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுத் தன்னாட்சிக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், கல்விக்குழு உறுப்பினர்களுக்கும், துறைத்தலைவர்களுக்கும்,

வணக்கம்.

பாடத்தையும் தேர்வையும் தாங்களே வகுத்துக்கொள்ளும் கல்லூரிகள் உங்களுடையவை. இது நீங்கள் அதற்கான கூட்டங்களில் உட்கார்ந்திருக்கும் காலம். ஏப்ரலில் துறைவாரியாகப் பாடத்திட்டக் குழுக்கள் கூடி முடிந்திருக்கும். இப்போது அவை சொன்னதை ஏற்கும் கல்விக்குழு, அப்புறம் ஆட்சிக்குழு. ஜூனில் கல்லூரி திறக்கும்போது எந்தப் பேப்பர் எந்த செமஸ்டரில் வருகிறது, இன்டர்னலுக்கு எத்தனை மார்க், எந்த எலெக்டிவ் இருக்கிறது, எது போய்விட்டது என்பதெல்லாம் முடிவாகியிருக்கும். இந்த முடிவுகளை வைத்துக்கொண்டு மூன்று வருடம் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு அவை எப்போது, யார் மூலம், எந்த மொழியில் போய்ச் சேரும்? நான் உட்கார்ந்த எந்தக் கூட்டத்தின் அஜெண்டாவிலும் இந்தக் கேள்வி இருந்ததில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரியில் வேதியியலில் பி.எஸ்சி., எம்.எஸ்சி. முடித்தவள். இப்போது ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவில் முதுகலை முடித்த முன்னாள் மாணவர் ஒருவரை முதல்வர் நியமிக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி இருக்கிறது. அந்த ஒரு நாற்காலியில் மூன்று வருடமாக உட்காருகிறேன். அதற்கு முன் ஐந்து வருடம் அதே கட்டடத்தில் மாணவியாக இருந்தேன். கதவுக்கு இரண்டு பக்கமும் நின்று பார்த்ததால் எழுதும் துணிவு வந்தது.

முதலில் மாணவியாக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன்.

நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது, இன்டர்னலில் தனியாகக் குறைந்தபட்ச மார்க் எடுத்தால்தான் அந்தப் பேப்பரில் தேர்ச்சி என்று விதி மாறியது. அதற்கு முன் அப்படி இல்லை. இன்டர்னலில் விட்டதை செமஸ்டர் பரீட்சையில் பிடித்துவிடலாம் என்று சீனியர்கள் சொல்லி, நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம். மாற்றம் மே மாதக் கல்விக்குழுவிலேயே முடிவாகியிருந்தது. எங்களுக்குத் தெரிந்தது அக்டோபரில், இன்டர்னலுக்கான இரண்டு சிஐஏ டெஸ்ட்டும் முடிந்த பிறகு. தெரிந்த இடம் கல்லூரி வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடை. அலுவலகத்திலிருந்து நகல் எடுக்க வந்த தாளை அங்கே பார்த்தவர்கள் சொல்லித்தான் எங்கள் வகுப்புக்கு விஷயம் வந்தது.

என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவள் முதல் டெஸ்ட் எழுதவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார், அவள்தான் கூட இருந்தாள். ‘எக்ஸ்டர்னலில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ரீடெஸ்ட் கேட்காமல் விட்டுவிட்டாள். விதி மாறியது தெரிந்திருந்தால் கேட்டிருப்பாள். கொடுத்தும் இருப்பார்கள், அந்த சார் அப்படிப்பட்டவர்தான். செமஸ்டர் பரீட்சையில் நல்ல மார்க் எடுத்தும் அந்தப் பேப்பர் அவளுக்கு அரியர் ஆனது. அடுத்த முறை எழுதிப் பாஸ் செய்துவிட்டாள். ஆனால் இறுதியாண்டில் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்த ஒரு நிறுவனம் ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர்’ இருக்கக் கூடாது என்றது. அவள் வரிசையில் போய் நிற்கவே இல்லை.

அந்த விதி நியாயமானதா, இல்லையா என்று நான் இங்கே வாதாடவில்லை. டெஸ்ட்டை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நினைத்துக் கொண்டுவந்திருப்பார்கள், அதில் நியாயம் இருக்கிறது. மே மாதம் எடுத்த முடிவை ஜூன் மாதமே தமிழில் நாலு வரி எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தால் அவளுக்கு அந்த அரியர் வந்திருக்காது. இவ்வளவு சின்ன வேலை அது. அதைச் செய்வது யார் பொறுப்பு என்று யாருக்கும் வகுத்துக் கொடுக்கப்படவில்லை.

அப்புறம் கதவுக்கு உள்ளே வந்தேன்.

முதல் கூட்டத்துக்கு முந்தைய நாள் ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. எங்களுக்குப் பாடம் நடத்தியவர்களோடு ஒரே மேசையில் உட்காரப் போகிறோம் என்ற பயம். பதினொரு மணிக்கு ஆரம்பம். வெளியிலிருந்து இரண்டு பாட வல்லுநர்கள், பல்கலைக்கழகத்தின் பிரதிநிதி ஒருவர், தொழில்துறையிலிருந்து ஒருவர், துறை ஆசிரியர்கள், நான். எல்லோர் முன்னாலும் ஸ்பைரல் பைண்டிங் போட்ட தடித்த கட்டு. புரட்டினால் பாதிப் பக்கங்கள் சிஓ-பிஓ மேப்பிங் அட்டவணைகள், அதாவது ஒவ்வொரு பேப்பரின் பலனும் முழுப் படிப்பின் பலனோடு எப்படிப் பொருந்துகிறது என்ற கட்டங்கள். ஒவ்வொரு பேப்பருக்கும் ஐந்து கோர்ஸ் அவுட்கம், ஒவ்வொன்றும் சிந்தனைத் திறனில் கே1 முதல் கே6 வரை எந்த நிலையில் வருகிறது என்ற குறியீடு. முதல் ஒரு மணி நேரம் அந்த வாக்கியங்களின் வினைச்சொற்களைத் திருத்துவதிலேயே போனது. ‘புரிந்துகொள்வர்’ என்று போட்டால் கே2, ‘பகுப்பாய்வர்’ என்றால் கே4. அங்கே யாரும் சோம்பேறியாக உட்கார்ந்திருக்கவில்லை. கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் குழு வரும்போது இந்த அட்டவணைதான் கேட்கப்படும் என்பதால் அதில் அத்தனை கவனம்.

செய்முறைப் பட்டியல் வந்தபோது ஃப்ளேம் ஃபோட்டோமீட்டர் பரிசோதனை ஒன்று கண்ணில் பட்டது. தண்ணீரில் சோடியம், பொட்டாசியம் பார்க்க என் வேலையில் தினமும் ஓட்டுகிற கருவி அது. ‘நம்ம லேபில் அது ஓடுகிறதா மேடம்?’ என்று கேட்டேன். ரிப்பேரில் இருக்கிறது என்றார்கள். படத்தைப் போர்டில் வரைந்து விளக்கி, ரெக்கார்டில் எழுதவைத்துவிடுவோம் என்றும் மறைக்காமல் சொன்னார்கள். அரை மணி நேரம் நன்றாகப் பேசினோம். கருவி சரியாகும் வரை பத்துப் பத்துப் பேராக என் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு நாள் அனுப்பலாம் என்று முடிவானது. அந்தக் கூட்டத்திலேயே உருப்படியான அரை மணி நேரம் அதுதான்.

சில வாரம் கழித்து மினிட்ஸ் கையெழுத்துக்கு வந்தது. ஆங்கிலத்தில் ஒரு பக்கம். உறுப்பினர்கள் மதிப்புமிக்க ஆலோசனைகள் வழங்கினார்கள், பாடத்திட்டம் விவாதிக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று இருந்தது. ஃப்ளேம் ஃபோட்டோமீட்டர் என்ற சொல்லே அதில் இல்லை. ஜூலையில் ஒரு மாணவி என்னிடம் வந்து, ‘அக்கா, அந்தக் கருவியை நிஜத்தில் எங்கே பார்க்கலாம்?’ என்று கேட்டாள். அவர்களுக்காக எடுத்த முடிவு அவர்களுக்குத் தெரியாமலே இருந்தது. துறை ஆசிரியர்களிலேயே பாதிப் பேருக்கு ஞாபகம் இல்லை.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, மினிட்ஸ் என்று நாம் எழுதுவது கோப்புக்காக எழுதப்படுகிறது. நாக் மதிப்பீட்டில் நிர்வாகமும் தலைமையும் ஓர் அளவுகோலாக இருந்துவருகிறது. அதற்காக எல்லாக் கல்லூரிகளும் கூட்டக் குறிப்புகளை ஒழுங்காகச் சேர்த்து, ஸ்கேன் செய்து, இணையதளத்தில் ஏற்றுகின்றன. மதிப்பிட வருகிற குழுவுக்கு அது போதுமாக இருக்கலாம். அந்த ஸ்கேனைத் திறந்து, மூன்றாவது பக்கத்து ஆங்கிலப் பத்தியிலிருந்து தன் இன்டர்னல் விதி மாறியிருக்கிறது என்று முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த ஒரு பிள்ளை கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையா?

தன்னாட்சி எதற்காக வந்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். 1964-66இல் செயல்பட்ட கோத்தாரி கல்வி ஆணையம், நல்ல கல்லூரிகளுக்குத் தங்கள் பாடத்தையும் தேர்வையும் தாங்களே வகுத்துக்கொள்ளும் உரிமை தர வேண்டும் என்றது. 1978இல் சென்னை லயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி போன்றவை தன்னாட்சி பெற்றன. இன்று நாட்டிலேயே அதிகமான தன்னாட்சிக் கல்லூரிகள் இருப்பது நம் மாநிலத்தில்தான். எங்கோ பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து முடிவெடுப்பதற்குப் பதில், பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறவர்கள் முடிவெடுக்கட்டும் என்பதுதான் அதன் உயிர். பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தை மாற்றினால் ஊரெல்லாம் தெரியும். நூறு கல்லூரிகளில் ஒரே நேரத்தில் மாறும், பத்திரிகையிலும் வரும். தன்னாட்சிக் கல்லூரியில் மாறினால் அந்தக் கல்லூரி சொன்னால்தான் உண்டு. மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்குப் பல்கலைக்கழகத்தைவிட அதிகம் என்கிறேன்.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றால் பத்து ரூபாய் கட்டி மனுப் போடுவது என்றுதான் பலர் நினைக்கிறோம். 2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 4ஆம் பிரிவு, யாரும் கேட்காமலே தாமாக வெளியிட வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. ஒரு நிறுவனத்தில் என்னென்ன குழுக்கள், மன்றங்கள் இருக்கின்றன, அவற்றின் கூட்டக் குறிப்புகள் பொதுமக்களுக்குக் கிடைக்குமா என்பது அதில் ஒன்று. ஒரு முடிவால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு அந்த முடிவுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது இன்னொன்று. இதையெல்லாம் வெளியிடும்போது செலவையும் உள்ளூர் மொழியையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. உள்ளூர் மொழி என்றால் நமக்குத் தமிழ். அரசுக் கல்லூரிகளுக்கும், அரசுப் பணத்தில் பெரும்பகுதி நடக்கும் உதவி பெறும் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். சுயநிதிக் கல்லூரிகள் தங்களை இது கட்டாது என்று வாதாடலாம். மாணவர் கட்டும் பணத்தில் நடக்கிற இடத்தில் மாணவருக்கு விவரம் சொல்ல ஒரு சட்டம் வந்து வற்புறுத்த வேண்டுமா என்று மட்டும் அவர்களைக் கேட்கிறேன்.

எதையெல்லாம் சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும். வினாத்தாள் எடுப்பவர், திருத்துபவர் பட்டியல் வெளியே போகக் கூடாது. ஒரு ஆசிரியர் மீதோ மாணவர் மீதோ வந்த புகாரின் விவரம் போகக் கூடாது. இவை நீங்கலாகப் பார்த்தால், ஒரு கல்விக்குழுக் கூட்டத்தில் மாணவர்களைத் தொடுகிற விஷயங்கள் இரண்டு பக்கத்துக்கு மேல் வராது. அந்த இரண்டு பக்கத்தைத்தான் கேட்கிறேன். எது மாறுகிறது, எந்தத் தேதியிலிருந்து, எந்த பேட்சுக்கு, ஏன். கூட்டம் முடிந்த பத்து நாளுக்குள், எளிய தமிழில். பக்கத்திலேயே ஆங்கிலத்திலும் போடலாம், வேறு மொழி பேசும் பிள்ளைகளும் நம்மிடம் படிக்கிறார்களே.

‘ஒட்டினாலும் யாரும் படிக்க மாட்டார்கள்’ என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. நம் நோட்டீஸ் போர்டுகளில் பெரும்பாலும் இருப்பது கட்டணக் கடைசித் தேதி, அபராதம், அட்டெண்டன்ஸ் குறைந்தவர்கள் பட்டியல். மிரட்டுகிற தாள்களை மட்டும் ஒட்டிய இடத்தில் யார் வந்து நிற்பார்கள்? அதே பிள்ளைகள் வகுப்பு வாட்ஸாப் குழுவில் யாரோ அனுப்பிய மங்கலான படத்தைப் பெரிதாக்கி, இது நிஜமா என்று ராத்திரி பதினோரு மணிக்கு ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்துகொள்ளும் ஆசை நிறையவே இருக்கிறது. நம்பத் தகுந்த ஓர் இடம்தான் இல்லை.

இரண்டாவது கூட்டத்துக்குப் பிறகு நானே ஒன்றரைப் பக்கம் தமிழில் எழுதித் துறைத்தலைவரிடம் நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, ஒரு வரியைத் திருத்தி, ‘ஒட்டிவிடும்மா’ என்றார். லேபுக்குப் போகும் வழியில் ஒட்டினோம். அதில் ஒரு வரி, தண்ணீர்ப் பகுப்பாய்வுச் செய்முறை இனி எலெக்டிவ் எடுப்பவர்களுக்கு மட்டும் என்பது. பேப்பர்களின் பாரத்தைக் குறைக்க அப்படி முடிவாகியிருந்தது. நானும் அந்த மேசையில்தான் இருந்தேன், தலையாட்டினேன். மூன்றாம் நாள் ஒரு இரண்டாமாண்டு மாணவி துறைத்தலைவரிடம் போய்க் கேட்டிருக்கிறாள்: ‘சார், எங்க ஊரில் போர் தண்ணி எல்லாமே உப்பு. எலெக்டிவ்ல சீட் கிடைக்காதவங்க கடினத்தன்மை பார்க்கக்கூடத் தெரியாமலே பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிக்கணுமா?’

இந்தக் கேள்வி எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. வல்லுநர்கள் இருந்தார்கள், கடினத்தன்மை பார்க்கும் அதே ஈடிடிஏ டைட்ரேஷனைத் தினமும் செய்கிற நான் இருந்தேன். தோன்றவில்லை. அடுத்த கூட்டத்தில் துறைத்தலைவர் அந்தக் கேள்வியை அப்படியே வாசித்தார். பத்து நிமிடத்தில் அந்தச் செய்முறை மறுபடி எல்லோருக்கும் பொதுவாக வந்தது. அந்த மாணவி அந்த அறையில் இருந்திருந்தால் ஒரு வருடம் முன்னாலேயே வந்திருக்கும்.

அதனால் அடுத்த வேண்டுகோளும் இங்கேயே வருகிறது. இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவருக்குப் பாடத்திட்டக் குழுவில் இடம் தரும்படி விதி கட்டாயப்படுத்தவில்லை. முன்னாள் மாணவரோடு நின்றுவிடுகிறது. ஆனால் பேச்சில் கலந்துகொள்ள அழைப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. ஏற்கெனவே அழைக்கிற கல்லூரிகளும் உண்டு. ஒவ்வொரு துறையிலும் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். அவர்களை வகுப்பே தேர்ந்தெடுக்கட்டும்.

இந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்ததும் சிலருக்குக் கவலை வரும் என்று தெரியும். தேர்தல் என்றாலே அடிதடி, கட்சிக்கொடி, பஸ் கண்ணாடி உடைவது என்ற பயம் நம் கல்லூரிகளில் ஊறிப்போயிருக்கிறது. அந்தப் பயம் காரணம் இல்லாமல் வந்ததல்ல. அதனால்தான் பெரும்பாலான இடங்களில் வகுப்பு ரெப் என்றால் அதிக மார்க் எடுத்தவர், அல்லது சாருக்குப் பிடித்தவர். மாணவர் தேர்தல்களை எப்படி நடத்துவது என்று ஆராய்ந்த லிங்டோ குழு 2006இல் தந்த அறிக்கையை மறுபடி எடுத்துப் பாருங்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. தேர்தலுக்கு ஏற்ற அமைதியான சூழல் இல்லாத இடத்தில் நியமன முறையை வைத்துக்கொள்ளலாம் என்று அந்தக் குழுவே சொல்கிறது. ஆனால் அது தற்காலிக ஏற்பாடு, அதுவும் மார்க்கை மட்டுமே பார்த்து நியமிக்கக் கூடாது என்கிறது. தேர்தல் நடக்கிற இடத்துக்குக் கட்டுப்பாடுகளும் வைத்தது: ஒருவர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது, அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியது மட்டும்தான், வேட்புமனுவிலிருந்து முடிவு வரை பத்து நாளுக்குள் எல்லாம் முடிய வேண்டும். ஏறக்குறைய இருபது வருடம் ஆகிவிட்டது. நம் தற்காலிக ஏற்பாடு எப்போது முடியும்?

கல்லூரிப் பேரவைத் தேர்தல் இப்போதைக்கு வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். வகுப்பளவில் சீட்டு எழுதிப் போட்டு இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம் போதும். பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள் புகார்க் குழுவில், மாணவர் சம்பந்தப்பட்ட விஷயமானால் மூன்று மாணவ உறுப்பினர்கள் ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு இருக்க வேண்டும் என்று மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. உங்கள் கல்லூரியில் அந்த மூன்று பேர் யார்? அவர்களைத் தேர்ந்தெடுத்தது யார்? பெண் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பெயர் தெரிந்தவர் எத்தனை பேர் என்று பார்த்தால் வேதனையாக இருக்கும்.

குறைதீர்ப்பும் இப்படியே இருக்கிறது. மானியக் குழுவின் மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறை 2023 ஏப்ரலில் வந்தது. ஒரு மாணவர் கொடுத்த புகாரைக் குழு 15 வேலை நாட்களுக்குள் பார்த்து அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகம் நியமித்த குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு போகலாம். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்வதே குறை என்ற கணக்கில் வருகிறது. இது எத்தனை பெரிய பாதுகாப்பு! பாதியில் படிப்பை நிறுத்திவிட்டு டி.சி.க்கும் மார்க் ஷீட்டுக்கும் மாதக்கணக்கில் அலைந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். இப்படி ஒரு வழி இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. புகார்ப் பெட்டி மாடிப்படிக்குக் கீழே தொங்குகிறது. அதை யார் திறக்கிறார்கள், எத்தனை நாளில் பதில் வரும் என்ற இரண்டு வரியைப் பெட்டிக்கு மேலேயே எழுதிவையுங்கள். குறைதீர்ப்பாளரின் முகவரியையும் அங்கேயே போடுங்கள்.

கல்லூரி நாட்காட்டியைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்கி, ஆசிரியர் பட்டியல், விதிமுறைகள், மாதவாரித் தேதிகள், டே ஆர்டர் எல்லாம் போட்டு முதலாண்டில் கையில் கொடுக்கிற அந்தச் சின்னப் புத்தகம் எனக்குப் பிடித்த பொருள். என்னுடைய ஐந்து வருடப் புத்தகங்களும் இன்னும் வீட்டில் இருக்கின்றன. கிழமைக்குப் பதில் முதல் நாள், இரண்டாம் நாள் என்று வரிசையாக ஓடும் டே ஆர்டர் அட்டவணை ஒரு நல்ல வழி. திங்கட்கிழமை மழை விடுமுறை வந்தால் செவ்வாய்க்கிழமை அந்த டே ஆர்டர் அப்படியே நடக்கும், எந்தப் பேப்பரும் வகுப்பை இழக்காது. நவம்பரில் ஆட்சியர் விடுமுறை அறிவித்தால் தேதிகள் தள்ளும், அது யார் தப்பும் இல்லை. செமஸ்டருக்கு 90 வேலை நாள் வர வேண்டும் என்றால் சனிக்கிழமை வகுப்பு வைத்துத்தான் ஆக வேண்டும்.

ஆனால் அந்தச் சனிக்கிழமையை வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குச் சொல்லாதீர்கள். நம் பையன்களில் பலர் சனி, ஞாயிறு ஜவுளிக்கடையிலும் மொபைல் கடையிலும் கல்யாண மண்டபங்களில் பரிமாறவும் போகிறார்கள். செமஸ்டர் ஃபீஸே அதில்தான் வருகிறது. வருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் போகாவிட்டால் அடுத்த வாரம் கூப்பிட மாட்டார்கள். வகுப்புக்குப் போகாவிட்டால் அட்டெண்டன்ஸ் போகும், 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அந்தக் குறைவை மன்னிக்கக் கட்டும் கண்டோனேஷன் கட்டணம். எந்தப் பக்கம் போனாலும் அவன் பையிலிருந்துதான் போகிறது. பத்து நாள் முன்னால் சொன்னால் வேலையை மாற்றிக்கொள்வான். அதே மாதிரி காலை வகுப்பு அரை மணி முன்னதாகத் தொடங்கும் என்று முடிவெடுக்கும்போது, கட்டணமில்லா டவுன் பஸ்ஸில் வருகிற பெண் பிள்ளைகளின் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு தடவை கேளுங்கள். அந்த பஸ்ஸை விட்டால் வேறு பஸ்ஸுக்குக் காசு வேண்டும், அல்லது முதல் பீரியட் போகும். எங்கள் ஊரில் இப்படி முதல் பீரியட் இழந்தே அட்டெண்டன்ஸ் குறைந்தவர்கள் இருக்கிறார்கள். நேரத்தை மாற்றிய கூட்டத்தில் பஸ் என்ற பேச்சே வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

பாடம் நடத்துகிறவர்களில் ஒரு பகுதியினருக்கும் முடிவுகள் இப்படித்தான் போய்ச் சேருகின்றன, அதையும் சொல்லியாக வேண்டும். அரசுக் கல்லூரிகளில் பெரும்பங்கு வகுப்பு எடுப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். 2025இல் அவர்களுக்கு மாதம் 25,000 ரூபாய்தான், அதுவும் வருடத்தில் 11 மாதத்துக்கு. இதே வேலைக்கு மாதம் 50,000 வரை தரலாம் என்று மானியக் குழு 2019இலேயே வழிகாட்டியது. சம்பளம் உங்கள் கையில் இல்லை, அது அரசு முடிவு, தெரியும். ஆனால் பாடத்திட்டம் பேசும் அறைக்கு அவர்களைக் கூப்பிடுவது உங்கள் கையில் இருக்கிறது. போன வருடம் அந்தப் பேப்பரை நடத்தியவருக்குத்தான் மூன்றாவது யூனிட் பதினைந்து மணி நேரத்தில் முடியாது என்று தெரியும். அவர் வெளியே நிற்கும்போது அந்த யூனிட்டுக்கு இன்னும் இரண்டு தலைப்பு கூடிவிடுகிறது.

கருத்துப் படிவங்களைப் பற்றி ஒன்றே ஒன்று. ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் பிள்ளைகளிடம் கூகுள் ஃபார்மில் கருத்துக் கேட்கிறீர்கள். ஹால் டிக்கெட் வாங்கும் முன் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்கிறபோது கடகடவென்று எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுவிட்டுப் போகிறார்கள். போன தடவை நீங்கள் சொன்னதில் இன்னது செய்தோம், இன்னது முடியவில்லை, காரணம் இது என்று ஒரு பக்கம் போட்டுப் பாருங்கள். அடுத்த தடவை படிவத்தில் நிஜமான வாக்கியங்கள் வரும். கழிப்பறையில் தண்ணீர் வராதது முதல் நூலகம் நாலரை மணிக்கே பூட்டப்படுவது வரை எழுதுவார்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும்தான். அந்தச் சங்கடம் இல்லாமல் கல்லூரியைச் சரியாக நடத்த முடியாது.

ஆசிரியர்கள் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. விடுமுறையில் வந்து பாடத்திட்டம் டைப் அடிக்கிறார்கள், இரவு வரை உட்கார்ந்து அட்டவணை நிரப்புகிறார்கள். எனக்கு எம்.எஸ்சி. சேர அப்ளிகேஷன் வாங்கிக் கொடுத்ததே என் துறை ஆசிரியை ஒருவர்தான். இவ்வளவு உழைப்புக்கு நடுவில் இரண்டு பக்கம் கூடுதல் வேலை என்று தோன்றலாம். முதல் தடவை எழுத எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனது. இரண்டாம் தடவை முக்கால் மணி நேரம்.

ஜூனில் முதலாண்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். பலர் வீட்டில் அவர்கள்தான் முதல் ஆள். ஏதாவது தெரிய வேண்டுமென்றால் யாரைக் கேட்பது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் வருவதற்குள், இந்த வருடக் கல்விக்குழு முடிவுகளை இரண்டு பக்கத் தமிழில் ஒவ்வொரு துறை வாசலிலும் ஒட்டிவையுங்கள். ஒரு பிரதியை ஜெராக்ஸ் கடைக்கும் கொடுங்கள், அங்கேதான் எல்லோரும் நிற்கிறார்கள். எழுத ஆள் இல்லையென்றால் உங்கள் குழுவில் இருக்கும் முன்னாள் மாணவரைக் கேளுங்கள். எங்கள் துறைக்கு இந்த வருடத்துக்கானதை நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அன்புடனும் மரியாதையுடனும்,
வேதியியல் பாடத்திட்டக் குழு ஒன்றின் முன்னாள் மாணவி உறுப்பினர்